செவ்வாய், வியாழன், சனி

உங்கள் எல்லோருக்கும்,

பெயர்களை எழுதக்கூடாது என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டீர்கள். ஆகவே எந்த வரி யாருக்கு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.

இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் தொடங்கி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் பார்க்கும் வேலையில் ஒரு பங்கை அந்த இயந்திரம் 12 மணி நேரத்தில் முடித்துத் தருகிறது. மிச்சமுள்ள 156 மணி நேரத்துக்கு மருத்துவத்தில் மாத்திரைச் சீட்டும் கட்டுப்பாடுகளும்தான் உண்டு. அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். ஆளுக்கொரு பழக்கூடை. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வாழைப்பழமும் ஆரஞ்சும் எனக்கு எட்ட நின்று பார்க்க வேண்டியவை. அன்போடு கொண்டுவந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் கூட்டம் கலைந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. நோய் என்றால் குணமாக வேண்டும், இல்லையென்றால் ஆளை முடிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் என்ன பேசுவது என்று பலருக்குத் தெரிவதில்லை. "இன்னுமா போய்க்கொண்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவர் உண்மையான வியப்போடு கேட்டார். நீங்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

காலை ஐந்தரைக்கு வண்டியோடு நிற்கும் நண்பா, "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்" என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னவர்கள் பலர். அவர்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்பதற்கும் தெம்பு வேண்டும். நீ "சனிக்கிழமை என்னுடையது" என்றாய், அவ்வளவுதான். திரும்பும் வழியில் உடம்பு பிழிந்து காயப்போட்ட துணிபோல் இருக்கும், பேச்சே வராது. நீயும் பேச மாட்டாய். ஒருநாள் உடம்பிலிருந்து நீரைச் சற்று அதிகமாக எடுத்துவிட்டார்கள். பாதி வழியில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. வண்டியை ஓரம் கட்டி, கீழே இறங்கி, என் பாதத்தை மேல்நோக்கி மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாய். அதை எங்கே கற்றாய் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

தங்கச்சி, உனக்கு எழுதுவதுதான் கடினம். டயாலிசிஸ் ஊசிகளைப் போடுவதற்காக என் இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு அதிர்வு ஓடும். அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரவில் நீ மெல்ல வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவது எனக்குத் தெரியும். தூங்குவதுபோல் கிடப்பேன். வேறோர் இடத்தில் பரிசோதனைக்குப் போனபோது, அந்தக் கையிலேயே இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்ற வந்தவரை நீ தடுத்த வேகத்தில் அவர் பட்டையைக் கீழே போட்டுவிட்டார். பாவம், புதியவர்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்றாததால், ஒரு லிட்டர் குடித்தால் எடை ஒரு கிலோ ஏறும். அடுத்த முறை எடை பார்க்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவிலுள்ள நீண்ட இடைவெளிதான் கொடுமை. அந்த இரண்டு நாளும் நீ என் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. தயவுசெய்து அதை நிறுத்து. உன் சிறுநீரகமாவது நன்றாக இருக்கட்டும். ஒரு கோடை மதியம், அரைக் குவளைத் தண்ணீருக்காக உன்மேல் நான் கத்தியதும் நினைவிருக்கிறது. நீ மறந்துவிட்டதாகச் சொல்கிறாய். நான் நம்பவில்லை.

சிஸ்டர், நீங்கள் போடும் இரண்டு ஊசிகளும் சாதாரண ஊசிகளைவிடத் தடித்தவை. மற்றவர்கள் "எறும்பு கடித்ததுபோல் இருக்கும்" என்பார்கள். நீங்கள் "வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போடுகிறீர்கள். அதனாலேயே உங்கள் முறை வரும் நாளில் எனக்குப் பயம் குறைவு.

அலுவலகத்தில் என் வேலை நேரத்தை மாற்றித் தந்துவிட்டு, அதைப் பற்றி மறுபடி ஒருமுறைகூடப் பேசாதவருக்கும் நன்றி.

அந்த நான்கு மணி நேரப் படுக்கையில் நிறைய வாசிக்கிறேன். 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் இரத்தக்குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததால், என்னைப் போன்ற நாள்பட்ட நோயாளிகளுக்கு அது பயன்படவில்லை. 1960-இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே பொருத்திவைக்கும் டெஃப்லான் குழாயால் அந்த முடிச்சை அவிழ்த்தார். அவருடைய முதல் நோயாளி கிளைடு ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். எனக்கோ, அந்த 11 ஆண்டுகளும் அவருடன் போய்வந்தவர் யார், திரும்பும் வழியில் அவர் பேசுவாரா மாட்டாரா என்றெல்லாம்தான் கேள்வி எழுந்தது.

அம்மாவுக்கு இதில் பத்தி இல்லை. நன்றி என்று எழுதினால் நான்கு நாள் பேச மாட்டாள். போகும் நாட்களில் எனக்கு முன்னால் எழுந்து, விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நாளை சனிக்கிழமை. நண்பா, ஐந்தரைக்குக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். மணியை அடிக்காதே. ஒருநாளாவது அவள் தூங்கட்டும்.