பனிக்கென்று விற்ற சென்சாருக்கு ஈரத்தைச் சொல்லி வாரன்டி மறுப்பதா?

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
பொருள்: ஸ்னோபோர்டு சென்சார் செட், வாரன்டி மறுக்கப்பட்டது தொடர்பாக

ஐயா,

வணக்கம். காஷ்மீரின் குல்மார்க்கில் ஸ்னோபோர்டு (பனியில் சறுக்கும் பலகை) பழகும் என் மகளுக்காக உங்கள் சென்சார் செட்டை வாங்கினேன். பலகையில் ஒட்டுவது ஒன்று, பூட்ஸுக்குள் வைக்கும் அழுத்தத் தகடு ஒரு ஜோடி. திரும்பும்போது எடை எந்தக் காலில், பலகையின் எந்த விளிம்பில் விழுகிறது என்று பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்கத்தான் அத்தனை விலை கொடுத்தோம். வேலை செய்த நாட்களில் பயன் இருந்தது. அவள் பயந்து பின்காலிலேயே சாய்கிறாள் என்பதை அந்தத் தகடுதான் காட்டியது.

அப்புறம் பலகை சென்சார் நின்றுவிட்டது. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உறைநிலையில் சார்ஜ் போட்டால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அறையில் வைத்து, குளிர் விட்ட பிறகே சார்ஜ் போட்டாள். விளக்கு எரியவில்லை. விளக்கின் மூடிக்கு உள்பக்கம் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து கூரியரில் அனுப்பினேன். "ஈரம் புகுந்துள்ளது, வாரன்டி பொருந்தாது" என்று ஒரு படத்தோடு ஒரே வரியில் பதில் வந்தது. பெட்டியில் ஐபி67 என்று நீர்காப்புத் தரம் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்க வேண்டிய பொருள், பனியில் ஓட்டியதற்கே கெட்டால் அது யார் குறை?

போனில் பேசியவர் கேட்டதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. "திருநெல்வேலியில் ஏது சார் பனி? ஆற்றில் எங்கேயாவது விழுந்திருக்கும்" என்றார். உங்கள் ஆப்பைத் திறந்து பார்த்தாலே போதுமே. கடைசியாகப் பதிவானபோது உயரம் 2,600 மீட்டருக்கு மேல், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. எங்கள் பக்கத்து அகத்தியர் மலையே 1,868 மீட்டர்தான். தாமிரபரணி எந்த இடத்தில் அந்த உயரத்தில் ஓடுகிறது?

நீங்கள் அனுப்பிய படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். சார்ஜ் துளையைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் ஒரு பக்கம் பள்ளத்தில் உட்காராமல் பிதுங்கி நிற்கிறது. சென்சாரின் உறையை நாங்கள் திறக்கவே இல்லை.

இன்னொன்று. மகள் வலது காலை முன்வைத்து ஓட்டுபவள். உங்கள் ஆப் எல்லோருக்கும் இடது கால்தான் முன்னால் என்று எடுத்துக்கொண்டு, பலகையின் குதிகால் பக்க விளிம்பை விரல் பக்க விளிம்பு என்று காட்டுகிறது. மாற்ற வழியே இல்லை. இதையும் சரிசெய்யுங்கள்.

15 நாட்களுக்குள் புது சென்சார் அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் கூரியர் செலவோடு திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பில், உங்கள் பதில், படம், ஆப்பின் பதிவு எல்லாவற்றின் நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாடிக்கையாளர்