எத்தனை முறை என்பதுதான் முக்கியம்

ஆசிரியருக்கு,

பல் சொத்தை என்றதும் 'இனிப்பைக் குறையுங்கள்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பது முக்கியம். இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

சர்க்கரை நேரடியாகப் பல்லை அரிப்பதில்லை. பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. வில்லபி மில்லர் என்ற பல் மருத்துவர் 1890-லேயே இந்த அமிலத் தொடர்பை விளக்கிவிட்டார். சில நிமிடங்களிலேயே படலத்தின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கிவிடும். பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் இன்னொரு வாய் இனிப்பு உள்ளே போனால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம்.

தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவைக்கும் பெற்றோருக்கு இது அவசியம் தெரிய வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்கள். ஃப்ளூரைடு பற்பசை எனாமலை எப்படிக் காக்கிறது என்பதையும் சேர்த்து.

- ஒரு வாசகர்