அபிகெயிலை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள்

'தி குரூசிபிள்' நாடகத்தை மேடையேற்றும் குழுக்களின் இயக்குநர்களுக்கும் நடிகர்களுக்கும்,

வணக்கம்.

ஆர்தர் மில்லரின் இந்த நாடகம் 1953இல் அரங்கேறியது. அமெரிக்காவின் சேலம் ஊரில், சிறுமிகள் சிலர் சொன்ன சாட்சியை நம்பிப் பலரைச் சூனியக்காரர்கள் என்று தண்டித்த வழக்குகளின் கதை இது. இன்றும் இளம் குழுக்கள் இதைத் தேடி எடுத்து ஆடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நான் பார்த்த மேடையேற்றங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. நீதிமன்றக் காட்சியில், குற்றம்சாட்டும் சிறுமிகளுக்குத் தலைமை தாங்கும் அபிகெயில் பயந்தவள்போல நடிக்கிறாள். அதே நேரத்தில், தான் நடிப்பதை அவையோருக்கும் காட்டிக்கொள்கிறாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு, எல்லாம் நடிப்புதான் என்று சொல்லிவிட்ட தோழி மேரி வாரன் பக்கம் ஒரு முறைப்பு. பார்ப்பவர்களுக்கு எல்லாம் உடனே விளங்கிவிடுகிறது. இவ்வளவு அப்பட்டமான பொய்யை நம்பும் நீதிபதி டான்ஃபோர்த் வெறும் முட்டாளாகத் தெரிகிறார். 'நாமாக இருந்தால் ஏமாந்திருக்க மாட்டோம்' என்ற நிம்மதியோடு கூட்டம் வீட்டுக்குப் போகிறது.

தயவுசெய்து அந்த நிம்மதியைக் கொடுக்காதீர்கள்.

அந்தக் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். அவள் முன்பு வேலை பார்த்த வீட்டின் தலைவர் ஜான் ப்ராக்டர், தனக்கும் அபிகெயிலுக்கும் இருந்த கள்ள உறவைச் சபையில் போட்டுடைத்ததும், டான்ஃபோர்த் அவளிடம் அது உண்மையா என்று கேட்கிறார். அவள் மறுக்கவில்லை, அழவும் இல்லை. இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமென்றால் வெளியேறிவிடுவேன் என்று கோபப்படுகிறாள். கேள்வி கேட்டதே தனக்கு நேர்ந்த அவமானம் என்பதுபோல நிற்கிறாள். மனம் புண்பட்ட நிரபராதியும் அப்படித்தானே நிற்பாள்? அந்தக் கணத்தில் அவையோரில் பாதிப் பேராவது, அவளுடைய பழைய மிரட்டல்களை எல்லாம் கேட்டிருந்தும், அவள் பக்கம் சாய வேண்டும். சாய்ந்தால்தான் அவர்களுக்குத் தங்கள்மேலேயே பயம் வரும்.

அடுத்து ப்ராக்டரின் மனைவி எலிசபெத் வருகிறாள். பொய்யே பேசாதவள் என்று கணவனே சாட்சி சொன்னவள், கணவனின் மானத்தைக் காப்பாற்ற, அந்த உறவு இல்லை என்று வாழ்க்கையில் ஒரு பொய் சொல்கிறாள். நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அபிகெயிலின் பொய்யும் செல்லுபடியாகிறது, எலிசபெத்தின் பொய்யும் செல்லுபடியாகிறது. ப்ராக்டரின் உண்மைக்கு மட்டும் அங்கே இடமில்லை. இந்த இடத்தில் விளக்கு யார் முகத்தில் விழ வேண்டும்? டான்ஃபோர்த்தின் முகத்தில் என்பேன். தன் கையெழுத்தால் பலரைச் சிறைக்கு அனுப்பியவர் அவர். சிறுமிகள் பொய் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டால் அந்தக் கையெழுத்துகள் என்னவாகும்? அவர் ஏமாறுவதில்லை. ஏமாறாமல் இருக்க அவருக்கு வழியில்லாமல் போகிறது.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் 1692இல் நடந்த சேலம் வழக்குகளில் அபிகெயில் வில்லியம்ஸுக்கு வயது 11 அல்லது 12. ஜான் ப்ராக்டருக்கு அறுபதை ஒட்டிய வயது. கள்ள உறவு முழுக்க மில்லரின் கற்பனை. அதற்காகவே அவள் வயதைக் கூட்டினார், அவருடையதைக் குறைத்தார். நாடகத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், ஓர் ஊரே தூக்குக் கயிற்றில் தொங்கியதற்குக் காரணம் காதலில் தோற்ற ஒரு பெண்ணின் வன்மம் என்று ஆகிவிடுகிறது. சிறுமிகளின் பெயரால் புகார் கொடுத்தவர்களில் தாமஸ் புட்னம் போன்ற வளர்ந்த ஆண்கள் இருந்தார்கள். விசாரித்த நீதிபதி ஹாத்தோர்ன், எந்தத் தீய ஆவியோடு உனக்குத் தொடர்பு என்றுதான் கேள்வியையே தொடங்கினார்.

சூனியக்காரி என்று குற்றம்சாட்டப்பட்ட ரெபெக்கா நர்ஸுக்கு நடந்ததை நடிகர்கள் எல்லோரும் ஒத்திகைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். 71 வயது, காது மந்தம். ஜூரிகள் அவர் குற்றமற்றவர் என்றே முதலில் தீர்ப்புச் சொன்னார்கள். சிறுமிகள் அலறினார்கள். தலைமை நீதிபதி ஸ்டௌட்டன், அவர் சொன்ன ஒரு சொல்லைக் கவனித்தீர்களா என்று ஜூரிகளிடம் கேட்டார். சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்ட ஒரு கைதியைப் பார்த்து, 'இவளும் எங்களில் ஒருத்திதானே' என்ற பொருளில் ரெபெக்கா ஏதோ சொல்லியிருந்தார். சக கைதி என்பது அவர் எண்ணம். சக சூனியக்காரி என்று மன்றம் எடுத்துக்கொண்டது. விளக்கம் கேட்டபோது கிழவிக்குக் கேள்வி காதில் விழவில்லை. மௌனம் ஒப்புதலாயிற்று. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள். அலறியவர்கள் குழந்தைகள், தீர்ப்பை மாற்ற வைத்தவர் குழந்தை இல்லை.

நாடகத்தில் இதற்கு இணையான இடம் முதல் அங்கத்திலேயே இருக்கிறது. அடிமைப் பெண் டிட்டூபாவை அடிப்பேன், தூக்கிலிடுவேன் என்று மிரட்டுகிறார்கள். அவள் 'ஒப்புக்கொண்டதும்' அன்பாகப் பேசுகிறார்கள். அபிகெயில் அருகில் நின்று அதைப் பார்க்கிறாள். காட்டில் ஆடியதற்காகச் சவுக்கடி விழும் என்று நடுங்கிக்கொண்டிருந்தவள், பிறர் பெயரைச் சொன்னால் தப்பலாம் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். அந்தப் பார்வைக்கு நேரம் கொடுங்கள். பல மேடையேற்றங்களில் அது கூச்சலில் கரைந்துபோகிறது.

அரங்க வாசலில் கொடுக்கும் கையேட்டில் இன்னொரு பக்கம் சேருங்கள். தூக்கிலிடப்பட்ட 19 பேரின் பெயர்களும், பாறைகளால் அழுத்திக் கொல்லப்பட்ட கைல்ஸ் கோரியின் பெயரும், ப்ராக்டர், அபிகெயில் இருவரின் உண்மையான வயதும் அதில் இருக்கட்டும். சாட்சி சொன்ன சிறுமிகளில் ஒருத்தியான ஆன் புட்னம் 1706இல் தேவாலயத்தில் எழுந்து நிற்க, அவளுடைய மன்னிப்பு வாசிக்கப்பட்டது என்பதும், நீதிபதி சாமுவேல் சூவல் 1697இல் அதேபோல் நின்றார் என்பதும், ஸ்டௌட்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்பதும் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்