நிச்சயதார்த்த மோதிரமும் தெருமுனைக் கடையின் ரசீதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்துவிட்டால் வடசென்னையில் நிச்சயதார்த்தங்கள் வரிசையாக வரும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் மோதிரம் மாற்றுவது தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். மற்ற குடும்பங்களிலும் தாம்பூலத் தட்டு மாற்றுவதோடு மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. இந்த மோதிரத்தை இணையத்தில் வாங்குவதா, பக்கத்துத் தெரு நகைக்கடையில் வாங்குவதா என்பது இன்று பெண் வீட்டிலும் பிள்ளை வீட்டிலும் தவறாமல் எழும் பேச்சு. கூட்டுறவு வங்கி ஒன்றின் நகைக்கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தெரிந்தவர்கள் இன்றும் மோதிரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். நாள்தோறும் விரலில் கிடக்கப்போகும் ஒரு நகைக்கு அருகிலிருக்கும் கடையே பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அந்தக் கடை முழுமையான ரசீது தராத வரையில், இளைஞர்கள் இணையத்தை நாடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

பிள்ளைகள் தள்ளுபடிக்கு மயங்கி இணையத்தில் வாங்குகிறார்கள் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நான் பேசிப் பார்த்த இளைஞர்கள் சொல்லும் காரணம் வேறு. இணையதளத்தில் ஒரு மோதிரத்தைத் திறந்தால், தங்கத்தின் நிகர எடை எவ்வளவு, அது எத்தனை கேரட் தங்கம், கல்லின் எடையும் விலையும் என்ன, செய்கூலி எவ்வளவு, அதற்கு மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பெரும்பாலும் எல்லாமே தனித்தனியாகத் திரையில் தெரிகின்றன. இரவு வேலை முடிந்து வந்த பிறகு இருவரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே அதைப் பார்த்து, பேசி, நிதானமாக முடிவெடுக்க முடிகிறது. நம் பகுதிக் கடைகள் சிலவற்றிலோ கால்குலேட்டரில் கணக்குப் போட்டுக் கடைசித் தொகையை மட்டும் திருப்பிக் காட்டுகிறார்கள். சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்டால், 'உங்களுக்காகக் குறைச்சுப் போட்டிருக்கேன்' என்பதே பதில். வற்புறுத்தினால் எஸ்டிமேட் என்ற பெயரில் ஒரு துண்டுச்சீட்டு வரும். அதில் கடையின் பெயர்கூட அச்சாகியிருக்காது.

ஹால்மார்க் நகை விற்கும் கடைக்காரர் தம் ரசீதில் நகையின் விவரம், தங்கத்தின் நிகர எடை, கேரட்டும் தூய்மையும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவற்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்திருக்கிறது. இவற்றுள் நிகர எடை என்ற ஒன்றின் அருமை நகையை அடகு வைக்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. 4 கிராம் எடையுள்ள ஒரு மோதிரத்தில் 2 கேரட் அளவுக்கு வெள்ளைக் கற்கள் பதித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லுக்குக் கேரட் என்பது தூய்மையை அன்று, எடையைக் குறிக்கும்; 5 கேரட் சேர்ந்தால் 1 கிராம் என்பதால், கல்லின் எடை 400 மில்லிகிராம். மோதிரத்தை அப்படியே தராசில் வைத்து மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், பத்தில் ஒரு பங்கு பணம் கல்லுக்குத் தங்கத்தின் பெயரால் போய்விடுகிறது. அந்தத் தொகையின் மீது சேதாரமும் வரியும் ஏறுகின்றன. நகைக்கடன் கொடுக்கும்போது கல்லின் மதிப்பை விலக்கித் தங்கத்தின் மதிப்பை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கல் மோதிரத்தைக் கொண்டுவந்தவர்கள், தாங்கள் பணம் கொடுத்து வாங்கிய எடையும் வங்கி சொன்ன எடையும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கவுன்ட்டரின் முன் நின்று கலங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாங்கிய அன்றே கல் எடையைக் கழித்து எழுதிய ரசீது கையில் இருந்திருந்தால் அந்தக் கலக்கம் வந்திருக்காது.

ஹால்மார்க் பற்றி ஓரளவுக்கு எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாக அது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. மோதிரத்தின் உட்புறத்தில் அமைவனத்தின் முத்திரை, 22 கேரட்டுக்கு 916 அல்லது 18 கேரட்டுக்கு 750 என்ற தூய்மைக் குறி, அந்த ஆறு இலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். எழுத்து மிகச் சிறியது. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கித்தான் பார்க்க வேண்டும், அப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தக் குறியீட்டை அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், அது மோதிரம்தானா, எந்த மையத்தில், எந்த நாளில், என்ன தூய்மையில் முத்திரை இடப்பட்டது என்ற விவரங்கள் வந்துவிடும். செயலி ஒரு ஜோடி கம்மலைக் காட்டினால், கையிலிருக்கும் மோதிரத்தில் அந்தக் குறியீடு எப்படி வந்தது என்று கேட்டாக வேண்டும்.

பலருக்கும் தெரியாதது விதிவிலக்குகள்தாம். 2 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடைகளுக்கும் விலக்கு உண்டு. சவரன் விலை ஏற ஏற, நடுத்தரக் குடும்பங்கள் நிச்சயதார்த்தத்துக்கு எடை குறைந்த மோதிரங்களையே தேடுகின்றன. ஆகவே முத்திரையின் பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்கள் வாங்கும் நகைதான் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகளின் நிச்சயத்துக்காக 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான மோதிரம் ஒன்றை நீண்ட நாள் பழக்கமுள்ள கடையில் வாங்கியது. 916 என்று வாயால் சொல்லப்பட்டது. பின்னர் வேறிடத்தில் சோதித்தபோது அந்தத் தரம் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டால், 916 என்று தாம் சொல்லவே இல்லை என்கிறார் கடைக்காரர். சீட்டிலோ தரம் குறிக்கப்படவே இல்லை. பழக்கத்தை நம்பி வாங்கிய அந்தத் தாயாருக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் இருக்கவில்லை. எடை குறைந்த மோதிரம் வாங்குகிறவர்கள், முத்திரை இல்லாவிட்டாலும் தூய்மையை ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்கவே கூடாது.

இனி வைரத்துக்கு வருகிறேன். இணையத்தில் வைர மோதிரம் வாங்கும் இளைஞர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இடையே வரும் முதல் மனத்தாங்கல், 'தொள்ளாயிரத்துப் பதினாறு இல்லையா?' என்ற கேள்விதான். 22 கேரட் தங்கம் மென்மையானது; கல்லைப் பிடித்திருக்கும் நுண்ணிய பிடிகள் நாளடைவில் வளைந்து கல் ஆடத் தொடங்கும். அதனாலேயே வைரத்தைப் பெரும்பாலும் 18 கேரட்டில் பதிக்கிறார்கள். இது ஏமாற்று அன்று, தொழில் முறை. ஆனால் 18 கேரட்டில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம் என்பதையும், மாற்றும்போது அந்தக் கணக்கில்தான் எடுப்பார்கள் என்பதையும் வாங்கும் முன்பே இரு வீட்டாருக்கும் சொல்லிவிடுவது நல்லது.

ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டுமே சான்று, கல்லுக்கு அன்று. கல்லுக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்களின் சான்றிதழ் தனியாக வேண்டும். கடையே தன் பெயரில் அச்சடித்துத் தரும் அட்டை அதற்கு ஈடாகாது. சான்றிதழ் எண்ணைக் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருந்தால், பத்து மடங்கு உருப்பெருக்கியில் அதைப் படித்து ஒப்பிடலாம். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் இப்போது பெருமளவில் விற்பனைக்கு வருகிறது. அதுவும் உண்மையான வைரமே. வெறும் கண்ணுக்கும் கடைகளில் வைத்துப் பார்க்கும் சாதாரண டெஸ்டருக்கும் வேறுபாடு தெரியாது. விலை மிகக் குறைவு. திரும்ப விற்கும் மதிப்பு அதைவிடக் குறைவு. தெரிந்தே வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. இந்த இடத்தில் பெரிய இணையக் கடைகள் பல, கல் எவ்வகை என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் தெருக் கடைகளில் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் அருகிலுள்ள கடையின் பக்கம் நிற்பதற்குக் காரணம் விரல்தான். இணையத்தில் வாங்குகிறவர் நூலைச் சுற்றியோ காகிதத்தைச் சுற்றியோ அளவு எடுத்து அனுப்புகிறார். மோதிர அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சுற்றளவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. சென்னை வெயிலில் மாலை நேரத்து விரலும் காலை நேரத்து விரலும் ஒரே பருமனாக இருப்பதில்லை. சிலருக்கு விரலின் அடியைவிட மூட்டு தடித்திருக்கும். கடையில் அளவு வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, மூட்டைத் தாண்டுகிறதா, தாண்டியபின் சுழல்கிறதா என்று கவனித்து முடிவு செய்வார்கள். என் உறவினர் வீட்டில் இணையத்தில் வாங்கிய மோதிரம் ஒரு அளவு சிறியதாக வந்துவிட்டது. திருப்பி அனுப்பினார்கள், நிறுவனமும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது; ஆனால் மாற்று மோதிரம் நிச்சயதார்த்த நாளுக்குள் வந்து சேரவில்லை. கூடப்பிறந்தவளின் மோதிரத்தை வாங்கிப் போட்டுச் சடங்கை முடித்தார்கள். பணத்தைத் திரும்பப் பெறலாம், முகூர்த்தத்தைத் திரும்பப் பெற முடியாது.

துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் கையால் உழைக்கும் பிள்ளைகள் நிறைந்த பகுதி இது. உயர்த்திப் பதித்த கல் கையுறையிலும் கயிற்றிலும் மாட்டும். கையைப் பார்க்கிற கடைக்காரர் கல்லை அமுக்கிப் பதித்த மோதிரத்தை எடுத்துக் காட்டுவார். படத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. குழந்தைப்பேற்றுக்குப் பின் விரல் பருத்தால், வண்ணாரப்பேட்டையிலோ சௌகார்பேட்டையிலோ ஒரு பத்தரிடம் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். முத்திரை உள்ள இடத்தை வெட்டாமல் செய்யச் சொல்ல வேண்டும். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்றுவது கடினம் என்பதை அனுபவமுள்ள பத்தர் முதலிலேயே சொல்லிவிடுவார். ஆடும் கல்லை இறுக்குவது, மெருகு போடுவது ஆகியவற்றுக்கெல்லாம் மோதிரத்தைக் கூரியரில் அனுப்பிக் காத்திருக்கும் நிலை ஒரு குடும்பத்துக்குத் தேவையில்லாத கவலை.

குறை நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்ற அச்சத்தால் இணையத்தைத் தவிர்க்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம். நம் பகுதியினர் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இணைய வணிக நிறுவனம் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. ஹால்மார்க் நகையில் குறித்த தூய்மை இல்லையென்றால், தூய்மை எவ்வளவு குறைந்ததோ அதற்கான விலை வித்தியாசத்தின் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் இழப்பீடாகப் பெற 2018ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. இணைய வணிகத்துக்கான அந்தக் காலக்கெடு தவிர, இந்த உரிமைகள் எல்லாம் தெருமுனைக் கடைக்கும் பொருந்தும். ஆனால் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

வடசென்னை நகை வணிகர்களை நான் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ரசீது கேட்கும் வாடிக்கையாளரைச் சந்தேகப் பேர்வழியாகப் பார்க்காதீர்கள். தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, சேதாரம், செய்கூலி, தூய்மை, வரி ஆகிய அனைத்தையும் எழுதிய ரசீதைக் கேளாமலே கொடுங்கள். உருப்பெருக்கியை மேசை மீது வையுங்கள். கல் இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதை நீங்களே முன்வந்து எழுதுங்கள். அளவெடுக்கும் திறமையும் பழுது நீக்கும் கையும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றோடு இந்தக் காகிதமும் சேர்ந்தால் எந்த இணையதளமும் உங்களுக்குப் போட்டியாகாது. தரமணியில் அலுவலகம் வைத்திருக்கும் தர நிர்ணய அமைவனம், முகூர்த்த மாதங்களிலாவது எம்.சி. ரோட்டிலும் திருவொற்றியூரிலும் முகாம் அமைத்து, குறியீட்டைச் செயலியில் சரிபார்க்கும் முறையைப் பொதுமக்களுக்குச் செய்து காட்ட வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த மோதிரங்களுக்கான விலக்கையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளியாகும் தங்கம் விலை நிலவரத்தின் கீழ், ரசீதில் இருக்க வேண்டிய விவரங்களையும் 1915 என்ற எண்ணையும் இரண்டு வரிகளில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.