மேகம் என்னும் பெயர் மறைப்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் மேகக் கணிமை, அதாவது தொலைவிலுள்ள கணினிகளை இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்தும் முறை, குறித்து வெளியான அறிமுகக் கட்டுரை எளிய நடையில் அமைந்திருந்தது. ஆயினும், அதைப் படித்து முடிப்பவர் தம் கோப்புகள் இடமற்ற ஏதோ ஒரு வெளியில் மிதப்பதாகவே எண்ணிக்கொள்ளக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வலையமைப்பு வரைபடங்களில், உள்விவரம் தேவைப்படாத பகுதியைப் பொறியாளர்கள் மேக வடிவில் வரைந்துவிடுவது நெடுநாள் வழக்கம். 'இதற்குள் என்ன நடக்கிறது என்று இப்போது கேட்க வேண்டாம்' என்பதே அக்குறியின் பொருள். பயனாளர் கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான்.

அந்த மேகத்துக்குள் இருப்பவை தரவு மையங்கள்: வரிசை வரிசையாகச் சர்வர்கள், அதாவது பிற கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினிகள், அடுக்கப்பட்டு, இடைவிடாத மின்சாரமும் குளிரூட்டலும் தேவைப்படும் பெரிய கட்டடங்கள். ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தருவதால், அவற்றில் ஒன்றை வாடகைக்கு எடுத்தவர் அது தமக்கே உரிய தனிக் கணினி என்பதுபோல் இயக்க முடிகிறது. அதே சர்வரில் அண்டையில் இருப்பவர் யாரென்று அவருக்குத் தெரியாது. இதைப் புதுமை என்று சொல்வதற்கில்லை. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய மென்பொருளை அறிவித்துவிட்டது. அதற்கும் முன்பே, 1961-ல், தொலைபேசியைப் போலக் கணிப்புத் திறனும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி கூறியிருந்தார். அமேசான் 2006-ல் சேமிப்பிடத்தையும் மெய்நிகர் கணினிகளையும் அளந்து வாடகைக்கு விடத் தொடங்கியபோதுதான் அந்த எண்ணம் பரவலான வணிகமாயிற்று. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உச்ச அளவு தேவைப்படுவதில்லை என்பதே இவ்வணிகத்தின் கணக்கு. ஒருவருக்கு வேலையில்லாத வேளையில் ஓய்ந்திருக்கும் திறன் மற்றொருவருக்குப் போகிறது. வெற்றுக் கணினியாகவோ, நிரல் எழுத ஆயத்தமான தளமாகவோ, மின்னஞ்சல் போல முழுமையான மென்பொருளாகவோ இதைப் பெறலாம் என்பதைத் தங்கள் கட்டுரையே விளக்கியிருந்தது.

கட்டுரை தொடாமல் விட்டது பாதுகாப்பின் எல்லையை. பெரிய சேமிப்புச் சேவைகள் ஒரே கோப்பைப் பல வட்டுகளில், பல வேளைகளில் வெவ்வேறு கட்டடங்களிலும், பிரதியெடுத்து வைக்கின்றன. ஒரு வட்டு பழுதானால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பிரதிகள் வட்டின் பழுதிலிருந்து காப்பவை. நம் கைப்பிழையிலிருந்து காப்பவை அல்ல. கைப்பேசியில் ஒரு படத்தை நீக்கினால், ஒத்திசைவு என்ற வசதி அந்த நீக்கத்தையும் உண்மையாக ஏற்று, இணைந்துள்ள எல்லாக் கருவிகளிலிருந்தும் அதை அகற்றிவிடும். குறிப்பிட்ட காலம் வரை குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம், அவ்வளவே. ஒத்திசைவைக் காப்புப் பிரதி என்று நம்பிப் பழைய படங்களை இழந்தவர்களில் நானும் ஒருவன், பிழை என்னுடையதுதான்.

எல்லா வாடகைச் சேவையிலும் பிரதிகள் தாமாகவே வேறிடத்துக்குப் போய்விடுவதுமில்லை. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று 2021 மார்ச் 10 அன்று தீயில் முற்றிலும் அழிந்தபோது, வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் தம் இணையதளங்களை மீட்டுக்கொண்டார்கள். வைக்காத பலர் தரவுகளை நிரந்தரமாக இழந்தார்கள். கட்டடமும் இயந்திரமும் வழங்குநரின் பொறுப்பு. கடவுச்சொல், அணுகல் உரிமை, எதை எங்கே பிரதியெடுப்பது என்னும் முடிவு ஆகியவை பெரும்பாலும் வாடிக்கையாளரின் பொறுப்பு. இந்தப் பிரிவினை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது; அதைப் படிப்பவர்கள்தாம் குறைவு.

ஆகவே, இத்தொடரின் அடுத்த கட்டுரையில் ஒத்திசைவுக்கும் காப்புப் பிரதிக்கும் உள்ள வேறுபாட்டையும், சேவையை விட்டு விலகும்போது தரவுகளை முழுமையாகத் திரும்பப் பெறும் வழியையும் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்