அது புரொஜெக்டர் அல்ல, ரீவைண்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடிக்கிடந்த பழைய தியேட்டர் ஒன்றைப் புதுப்பித்துத் திறந்திருப்பது பற்றிப் போன இதழில் நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். சின்ன ஊர்த் தியேட்டருக்கு நான்கு பக்கம் ஒதுக்க ஒரு பத்திரிகைக்கு மனசு வந்ததே என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. ‘அந்தக் காலத்தில் ஆப்பரேட்டர் பொத்தானை அழுத்திவிட்டு இடைவேளை வரை ஒரு குட்டித் தூக்கம் போடலாம்.’ கண்தான் தப்பாகப் படிக்கிறதோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற ஆப்பரேட்டர். டூரிங் டாக்கீஸில் எடுபிடியாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஆப்பரேட்டர் லைசென்ஸ் வாங்கி, கார்பன் விளக்கு மெஷின், ஜீனான் விளக்கு மெஷின், கடைசியில் டிஜிட்டல் புரொஜெக்டர் வரைக்கும் பார்த்தவன். தூங்கியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகு, காலியான பெஞ்சில் நன்றாகவே தூங்கியிருக்கிறேன்.

கார்பன் மெஷினில் அந்தப் பொத்தான் எங்கே இருந்தது என்று கட்டுரையாளர் காட்டினால் தேவலை. விளக்குப் பெட்டிக்குள் பென்சில் மாதிரி இரண்டு கார்பன் குச்சிகள் இருக்கும், ஒன்று பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். இரண்டு நுனியையும் தொட வைத்து இழுத்தால் நடுவில் சுடர் பற்றும். அந்த வெளிச்சம்தான் திரைக்குப் போகிறது. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும். திருகைத் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் திரை மங்கும், அப்புறம் அணைந்தே போகும். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் அந்தச் சுடரைப் பார்க்க முடியும். வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண் எரியும்.

இதற்கு நடுவில் ரீல் மாற்ற வேண்டும். 1000 அடி ரீல் 11 நிமிஷம் ஓடும், 2000 அடி என்றால் 22 நிமிஷம். அதற்குள் பக்கத்து மெஷினில் அடுத்த ரீலைக் கோத்து, குச்சியைப் பற்றவைத்துத் தயாராக நிற்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு வந்து மறையும். முதல் பொட்டுக்கு மோட்டாரைப் போட வேண்டும். சில நொடியில் இரண்டாவது பொட்டு வரும், அதற்கு மாற்றிவிட வேண்டும். ஒழுங்காக மாற்றினால் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பிசகினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததா? ‘டேய் ஆப்பரேட்டர்’ என்று தொடங்கும் வசவு, படம் பார்க்கவே வராத என் தாயார் வரைக்கும் போகும்.

டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே மெஷின். அதனால்தான் அங்கே இரண்டு மூன்று இடைவேளை விட்டார்கள், முறுக்கு விற்பதற்காக இல்லை. தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்திருப்பார்கள். தலைக்கு மேலே கீற்றுக் கூரை. 1979-ல் தூத்துக்குடியில் டூரிங் டாக்கீஸ் பற்றியெரிந்து எத்தனை உயிர் போயிற்று என்பதைத் தங்கள் இதழின் பழைய தொகுப்பைப் புரட்டினாலே தெரியும். கீற்றுக் கொட்டகையில் நெருப்போடு வேலை பார்ப்பவன் குட்டித் தூக்கம் போடுவானா? யோசித்து எழுதுங்கள் ஐயா.

சரி, ஒரு வரிக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு வரியோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். கட்டுரை முழுக்க மணல் உண்டு, விசில் உண்டு, பிள்ளையார் பாட்டு உண்டு, சோடா உண்டு. வேலை பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. படப்பெட்டி பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறீர்கள். ஒரே பிரிண்டை இரண்டு ஊரில் ஓட்டும்போது, இங்கே முடிந்த ரீலைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு மிதித்த பையனைப் பற்றி அரை வரி இல்லை.

அதையாவது மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சாமிக்கண்ணு வின்சென்ட் பெயரே இல்லையே? திருச்சியில் ரயில்வே வரைபடக்காரர். 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷினையும் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தானே ஓட்டிக் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். இன்றைக்கும் அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர்தான். தென்னாட்டில் கொட்டகை சினிமா ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்ததே மெஷின் ஓட்டிய ஒருவர் கையால்தான். அவர் எப்போது தூங்கினார் என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

டி.வி.யும் மொபைலும் வந்து இந்தத் தியேட்டர்களைக் கொன்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முழுப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நான் மெஷின் ஓடும் கேபினில் இருந்தவன், கூட்டம் எப்போது போனது என்று சதுர ஓட்டை வழியாகப் பார்த்தவன். வீட்டில் படம் பார்க்க வீடியோ டெக் வாடகைக்கு விட்ட காலத்திலும், கேபிளில் நாளுக்கு நாலு படம் போட்ட காலத்திலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். டிஜிட்டல் வந்ததும் முதல் நாளே எங்களுக்கும் புதுப்படம் கிடைத்தது என்பது உண்மை. கூடவே பிலிமுக்கு இல்லாத ஒரு மாதாந்தரக் கட்டணமும் வந்தது. பெரிய நடிகர் படம் என்றால் முன்பணம் கட்டு என்பார்கள், சின்னப் படம் என்றால் எடுக்க ஆள் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டிக்கு மேலே 30 சதவீதம் உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்றார்கள். தமிழ்நாடு முழுக்கத் தியேட்டரைச் சாத்திய பிறகுதான் பேச்சுக்கே வந்தார்கள். மறு வருஷம் மார்ச்சில் டிஜிட்டல் கட்டணச் சண்டையில் புதுப்படமே வெளியாகவில்லை. பெரிய தியேட்டர் அதைத் தாங்கும். நாங்கள் பழைய படத்தைப் போட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு முழு ஆட்டம் ஓட்டினோம். இப்போது நான்கு வாரத்தில் படம் ஓடிடிக்குப் போய்விடுகிறது. மதுரை தங்கம் தியேட்டருக்கு ஆசியாவிலேயே பெரியது என்று பேர் இருந்தது. அதுவே இடிபட்டு ஜவுளிக்கடையாகிவிட்டது. எங்களுடையது எம்மாத்திரம்?

எங்கள் ஊர்களைப் பற்றித் தங்கள் இதழுக்கு என்ன நினைப்பு என்பது எனக்கு முன்னமே தெரியும். விமர்சனத்தில் ஒரு படம் மட்டமாக இருந்தால் ‘பி, சி சென்டர் ரசிகர்களுக்குப் பிடிக்கலாம்’ என்று முடிப்பீர்கள். பி, சி சென்டர் என்றால் எங்களைப் போன்ற சின்ன ஊர்கள்தான். அதைக் கண்டித்து முன்பு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கிப் பிரசுரித்தீர்கள். அந்த நான்கு வரியில் என் கண்டனம் இல்லை, தங்கள் இதழுக்கு நான் மரியாதைக்காக எழுதிய பாராட்டு மட்டும் இருந்தது. நன்றி.

புதுப்பித்த தியேட்டரை நானும் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல மனசு வரவில்லை. இருக்கையைக் குறைத்து, கால் நீட்ட இடம் விட்டிருக்கிறார்கள். பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. பழைய காலத்தில் இதை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு கார்பன் மெஷினுக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள், எடுக்கட்டும். மேலே லேசர் புரொஜெக்டர், பொத்தான் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் இப்போதும் அந்தப் பையன் தூங்கவில்லை. ஆட்டத்தைப் போட்டுவிட்டு இறங்கி வந்து டிக்கெட் ஸ்கேன் செய்கிறான், இடைவேளையில் பாப்கார்னும் அவன்தான் போடுகிறான். தங்கள் நிருபர் அவனோடு இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம். மெஷினைப் பேட்டி எடுக்காத குறையாக எழுதியவருக்கு அந்தப் பையன் கண்ணில் படவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் போட்டு, கீழே ‘பழைய புரொஜெக்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது புரொஜெக்டர் அல்ல, ரீவைண்டர். ஓடி முடிந்த ரீலை அடுத்த ஆட்டத்துக்குத் திருப்பிச் சுற்றுகிற கைமேசை. கைப்பிடி படத்திலேயே தெரிகிறது. அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும். தூக்கம் பற்றிய வரியைத் தாங்களாக மனம் வந்து திருத்தினால் சந்தோஷம், நான் வற்புறுத்தவில்லை.

இந்தக் கடிதத்தையும் நான்கு வரியாக வெட்டுவதாக இருந்தால், தயவுசெய்து ரீவைண்டர் வரியை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டுங்கள். இந்தத் தடவை பாராட்டு எதுவும் எழுதவில்லை, தேடிச் சிரமப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற சினிமா ஆப்பரேட்டர்