செவ்வாய்க்குச் சித்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செவ்வாய்க் கோளில் மனிதர் குடியேறினால் அங்குள்ள மாதங்களுக்குச் சித்திரை, வைகாசி என்றே பெயர் வைக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை சொன்னது. மங்கள்யானுக்குப் பாடுபட்ட மயில்சாமி அண்ணாதுரையைப் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடி தந்திருக்கும்போது, நமக்கு இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை.

எங்கள் பல்லடத்தில் ஆடி வந்துவிட்டதா என்று யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து அறையும். கோழிப்பண்ணைகளில் மேற்குப் பக்கத்துப் படுதாவை இறக்கி இழுத்துக் கட்டுவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். காற்றும் விதைப்பும் சேர்ந்துதான் அது ஆடி. அவை இல்லாத மண்ணுக்கு அந்தப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் என்ன பயன்?

செவ்வாய்க்கும் பட்டங்கள் உண்டு. அதன் ஆண்டு, அங்குள்ள நாள் கணக்கில், சுமார் 669 நாட்கள். முற்பாதியில், சூரியனை விட்டு விலகியிருக்கும் மாதங்களில், நடுக்கோட்டை ஒட்டி மெல்லிய பனிமேகங்கள் திரளும். பிற்பாதி புழுதிப்புயல் காலம். 2018-இல் கோள் முழுவதையும் மூடிய புயலில் வெயில் கிடைக்காமல்தான் நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி அடங்கிப்போனது. அங்கே வாழப்போகிறவருக்கு மேகப்பட்டம், புழுதிப்பட்டம் என்ற பெயர்கள் உயிர் காக்கும் எச்சரிக்கையாகவே இருக்கும். தாமஸ் கேங்கேல் 1985-இல் செவ்வாய்க் கோளுக்கென வகுத்த டேரியன் நாட்காட்டியில் மகரம், கும்பம், மீனம் என நம் ராசிப் பெயர்களும் இருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவை அங்கத்திய வானிலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

நாம் கொடுக்க வேண்டியது நம் கணக்குமுறையை. சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையை, கடக்கும் காலமே நமக்கு ஒரு மாதம். பூமி சூரியனை நெருங்கி விரைந்து ஓடும் மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடுவதும், ஆனி 32 நாள் வரை நீள்வதும் அதனால்தான். செவ்வாயை ஆராய்கிறவர்களும் 30 பாகைக்கு ஒரு மாதம் என்றே பிரிக்கிறார்கள். அங்கே சுற்றுப்பாதை அதிகம் நீண்டிருப்பதால் ஒரு மாதம் 46 நாளில் முடிகிறது, இன்னொன்று 67 நாள் வரை போகிறது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பில்லை.

ஒரே ஒரு பெயரை மட்டும் தயங்காமல் அனுப்பலாம்: நாழிகை. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அதை 24-ஆகப் பிரித்து அதையும் மணி என்றே அழைத்தால், எந்த ஊர் மணி என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிவரும். நாழிகையோ நாளில் அறுபதில் ஒரு பங்கு. இங்கே 24 நிமிடம், அங்கே ஏறக்குறைய 24 நிமிடம் 40 விநாடி. இரண்டும் சரியான நாழிகையே.

இதைப் பற்றி வானியல் அறிந்தவர் ஒருவரை எழுதச் செய்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பல்லடம்